ஊர்காவற்றுறையில் நாற்பத்தொரு அடிப் பாய்மரத்தில் தனியாக ஏறினேன்

குட்டான், நீ எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனதை நான் எழுதுகிறேன். உன் எழுத்து மாதிரி வராது. பிழை இருந்தால் இருக்கட்டும்.

இந்த இணையப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். இதுவரை இங்கே எழுதியவள் என் மகள் தர்சிகா. பிறந்தபோது பனங்கட்டிக் குட்டான் மாதிரி உருண்டையாக இருந்தாள், அதனால் வீட்டில் குட்டான். நான் அவளுடைய அம்மா. கரவெட்டியில் இருக்கிறேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அவளுடைய அப்பா கடைசிச் சண்டையில் போய்விட்டார். பதினொரு வருடமாக முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகிறேன். என் மகள் போன ஆனி மாதம் ஊர்காவற்றுறைத் துறையில் நின்ற பாய்ப்படகின் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனாள். வயது இருபத்துமூன்று. அந்தப் படகில்தான் அவளுக்கு வேலை. சுற்றுலா வருகிறவர்களைத் தீவுப் பக்கம் ஏற்றிப்போய்க் காட்டிவிட்டு வருவார்கள்.

அவள் கடைசியாக எழுதியதன் அடியில், பாய்மரத்தில் தனியாளாகப் பாதுகாப்பாக ஏறுவது எப்படி என்று எழுதப்போவதாகச் சொல்லியிருந்தாள். இன்றைக்கும் அதன் கீழே ஆட்கள் கேட்கிறார்கள். "எப்ப எழுதுவீங்கள் அக்கா?" என்று ஒரு பிள்ளை மூன்று தரம் கேட்டிருக்கிறது. அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களைக் குறை சொல்ல ஏலாது.

ஆகவே இந்தப் பங்குனியில் ஒரு சனி, ஞாயிறு போய் ஏறிவிட்டு வந்தேன். ஏற நினைக்கிறவர்களுக்கு நேரம், தூரம், செலவு எல்லாம் அவள் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ஆனால் உங்களுக்காக ஏறினேன் என்று சொன்னால் அது பொய்.

நான் ஏறியதற்குக் காரணம் ஒரு நூல். அவளுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தால், அந்த வேலைத்தலத்தில் எது உயரமோ அதில் சந்நிதி முருகன் கோயில் நூல் கட்டுவிப்பேன் என்று நேர்ந்திருந்தேன். படகு வேலை கிடைத்தது. கோயிலுக்குப் போய் மஞ்சள் நூல் வாங்கி அவளிடம் கொடுத்தேன். படகின் வெள்ளோட்டத்தன்று அவளை மேலே ஏற்றுவதாக இருந்தது, அன்றைக்கே கட்டிவிடலாம் என்று பேச்சு. அதற்கு எட்டு நாள் முந்தி அவளுடைய பெரியப்பா செத்துப்போனார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. துடக்கோடு கோயில் பொருள் தொடக்கூடாது. வெள்ளோட்டத்தன்று கட்டாதே, துடக்குக் கழிந்த பிறகு கட்டு என்று நான் சொன்னேன். வெள்ளோட்டத்தன்று கீழே நான்கு பேர் கயிறு பிடிக்க நின்றார்கள். இரண்டு கயிற்றில் ஏற்றி இறக்கினார்கள். அப்போது கட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

கீரிமலையில் பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளுக்குப் போன் எடுத்தேன். அவள் வேலணையில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தாள்.

"துடக்குக் கழிஞ்சுது. இண்டைக்குக் கட்டிப்போட்டுத்தான் நீ தேத்தண்ணி குடிக்கோணும்."

"ஓமம்மா, இப்பவே போய் ஏறுறன்."

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அவள் விழுந்தாள். ஒற்றைக் கயிற்றில், தனியாக ஏறியிருக்கிறாள்.

படகுக்காரர் ஞானம் அண்ணை. முப்பது வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு வந்தவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். செத்தவீட்டில் அவர் என் முன்னால் நின்று, மரத்து உச்சியில் உள்ள விளக்கு எரியவில்லை, அதைத் திருத்தத்தான் ஏறியிருப்பாள் என்றார். நான் நம்பவில்லை. என்னை ஆற்றுவதற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அயலுக்குள் வேறு கதை போனது. "தாய் கட்டச்சொன்ன நூலாலைதான் பிள்ளை போனது" என்று பின்வேலியில் நின்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஒன்பது மாதம் அந்த ஒரு வசனத்தோடுதான் படுத்தேன், எழும்பினேன். நூல் மேலே இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால், என் நூலைக் கட்டத்தான் ஏறினாள். இல்லாவிட்டால் விளக்குக்கு. அது ஒரு மெல்லிய நூல், கீழே இருந்து தெரியாது. அவளுக்குப் பிறகு அந்த மரத்தில் யாரும் ஏறவுமில்லை.

மாசி முடிவில் ஞானம் அண்ணை போன் எடுத்தார். படகைத் திருகோணமலைக்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று, இன்னும் இரண்டு கிழமையில் கொண்டுபோய்விடுவார்கள் என்றார். நான் ஏறவேண்டும் என்றேன்.

"ஆரும் பழகின ஆளை ஏத்திப் பாக்கச் சொல்லுவம் தங்கச்சி."

"அவர் பாத்துப்போட்டு வந்து எனக்கு ஆறுதல் சொல்லுவார். எனக்கு ஆறுதல் வேண்டாம் அண்ணை."

"நான் இழுத்து ஏத்த மாட்டன். இன்னொரு ஆளைக் கயித்திலை தூக்கிறதுக்கு என்ரை கை வராது."

"இழுக்க வேண்டாம். அவள் தனிய ஏறினவள்தானே. அந்த விதத்தைச் சொல்லித் தாங்கோ."

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு. நிறை அறுபத்திரண்டு. தலைசுத்து இல்லை. வெடிக்கு முன்னாலை பதினொரு வருசம் முழங்காலிலை இருக்கிறன், இன்னும் முழங்கால் இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

சனிக்கிழமை காலை 5.20க்கு நெல்லியடியில் யாழ்ப்பாண பஸ் எடுத்தேன். ஏறக்குறைய 27 கிலோமீற்றர், 130 ரூபா, ஒரு மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணியும் ஒரு வாய்ப்பனும் 110 ரூபா. ஊர்காவற்றுறை பஸ் 7 மணிக்கு வெளிக்கிட்டது. பண்ணைப் பாலத்தால் போய் வேலணையைத் தாண்டிப் போகும். 120 ரூபா. வலப்பக்கச் சீற்றில் இருந்தால் வெயில் படாது என்று அவள் முன்பு எழுதியிருக்கிறாள். நான் வலப்பக்கம் இருந்தேன். சரிதான், வெயில் படவில்லை. அவள் எழுதியது ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து துறைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர். ஓட்டோ 250 ரூபா. நடக்கலாம், ஆனால் கையில் பொதி இருந்தது. ஓட்டோக்காரருக்குக் கதை கூட.

"எங்கையக்கா, பாய்க்கப்பல் பாக்கவோ? அது இப்ப ஓடுறேல்லை. ஒரு பெட்டை விழுந்து செத்துப்போச்சு."

"கேள்விப்பட்டனான்."

"பொம்பிளையள் ஏறுற இடமே அக்கா அது? தாய் தேப்பனைச் சொல்லோணும், விட்டதுக்கு."

"நானும் ஏறத்தான் போறன் தம்பி."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் நரையையும் சேலையையும் பார்த்து, பகிடி என்று நினைத்து, "அப்ப வடிவாப் பிடிச்சு ஏறுங்கோ" என்று சிரித்தார். இறங்கியபோது மிச்சம் ஐம்பது ரூபாவையும் வைத்திருக்கச் சொன்னேன். அவர் நல்ல மனிசன்தான். எல்லாரும் நல்ல மனிசர்தான்.

இனி ஏறுகிற விதம். நான் விளங்கிக்கொண்ட அளவுக்குச் சொல்கிறேன்.

பாய்மரத்தின் உச்சியில் கப்பி இருக்கும். பாயை ஏற்றுகிற கயிறு கீழிருந்து மேலே போய்க் கப்பியில் திரும்பிக் கீழே வரும். தனியாக ஏறுகிறவர் அந்தக் கயிற்றின் இரண்டு நுனியையும் கீழே கட்டிவிட்டு, விறைப்பாக நிற்கிற ஒரு பக்கத்தில் ஏறவேண்டும். அதாவது நீங்கள் ஏறுவது மரத்தில் இல்லை, கயிற்றில். கயிற்றைக் கவ்வுகிற இரண்டு இரும்புப் பிடி உண்டு. மேலே தள்ளினால் போகும், கீழே இழுத்தால் கடித்துக்கொண்டு நிற்கும். மேற்பிடி உங்கள் இடுப்பையும் தொடைகளையும் சுற்றிய பெல்ட்டோடு இருக்கும். கீழ்ப்பிடியில் கால் வைக்கிற இரண்டு வளையம். மேற்பிடியில் குந்தி இருந்துகொண்டு காலை மடித்துக் கீழ்ப்பிடியை உயர்த்துங்கள். பிறகு வளையத்தில் எழும்பி நின்றுகொண்டு மேற்பிடியை உயர்த்துங்கள். இருக்கவும் எழும்பவும்தான் வேலை. ஒரு தரத்துக்கு ஒன்றரை அடி கிடைக்கும்.

இதுவரைக்கும்தான் என் மகள் செய்தாள். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, இரண்டாவது கயிறு. வேறு கப்பியால் வருகிற வேறு கயிறு. அதில் ஒரு மெல்லிய கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்து, அதை உங்கள் பெல்ட்டில் கட்டவேண்டும். ஏற ஏற அந்த முடிச்சைக் கையால் மேலே தள்ளிக்கொண்டு போகவேண்டும். பாரம் விழுந்தால் அது இறுகிப் பிடிக்கும். முதல் கயிறு போனாலும் இது உங்களை வைத்திருக்கும்.

அவள் விழுந்த அன்றைக்குப் போனது அந்த முதல் கயிறுதான். கீழே இரும்புக் கொம்பில் சுற்றிக் கட்டியிருந்த நுனி வழுகிவிட்டது. புதுக் கயிறு, இரவு அலைத் தெறிப்பில் நனைந்து இருந்ததாம். ஞானம் அண்ணை அந்தக் கொம்பை எனக்குக் காட்டினார். என் சாண் அளவு இருக்கும். நான் அதைத் தொட்டேன். வேறென்ன செய்கிறது.

சனிக்கிழமை முழுக்கப் பழகினேன். ஒன்பது மாதம் கிடந்த கயிறுகள் வெயிலில் உளுத்திருந்தன. ஞானம் அண்ணை புதுக்கயிற்றின் நுனியைப் பழையதின் நுனியோடு தைத்து, மறுபக்கத்தால் இழுத்து, மரத்தில் ஏறாமலே கயிறு மாற்றினார். பிறகு ஐந்து தண்ணீர்க் கான் நிரப்பி, நூறு கிலோவை அரை அடி தூக்கி ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டார். இரண்டு கயிற்றுக்கும் அப்படி. அதற்குப் பிறகு நான் தொங்கினேன். தளத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் பத்து நிமிடம். பிறகு ஆறு அடி ஏறி இறங்கினேன். பதினான்கு தரம். சேலையோடு ஏலாது, வேலைக்குப் போடுகிற காற்சட்டையைக் கொண்டுபோயிருந்தேன்.

"உங்களுக்குச் சொல்லித்தர ஒண்டும் இல்லை. ஒவ்வொரு முடிச்சையும் மூண்டு தரம் பாக்கிறியள்" என்றார் ஞானம் அண்ணை.

"எங்கடை வேலையிலை ரெண்டாந்தரம் பிழைவிட்ட ஆள் இல்லை அண்ணை. முதல் தரத்தோடை சரி."

"அவள் உங்களைப் போலை இல்லை. கெதியா ஏறுவாள். நான் ஏசினால், 'எங்கடை வீட்டிலை அம்மா ஒரு பொலிஸ் காணும் அங்கிள்' எண்டுவாள்."

அவர் அதை நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

இரவு வேலணையில், அவள் இருந்த அதே வீட்டில் தங்கினேன். அறை 1,800 ரூபா, சாப்பாட்டோடு 2,300. தண்ணீர் சற்று உவர், குடிக்கப் போத்தல் கொண்டுபோங்கள். வீட்டுக்கார அக்கா காசு வேண்டாம் என்றா. மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.40க்குத் தளத்தில் நின்றேன். காற்று எழும்ப முதல் ஏறி இறங்கிவிடவேண்டும். பங்குனியில் விடியக் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், ஒன்பது மணிக்குப் பிறகு நம்ப ஏலாது. ஆனியில் தென்மேற்குச் சோழகக் காற்றுக்கு எந்த நேரமும் ஏறக்கூடாது. பக்கத்தால் மீன்பிடி வள்ளம் போனால் அலை அடிக்கும். கீழே ஒரு விரல் ஆடுகிற படகு உச்சியில் ஒரு பாகம், இரண்டு கை விரித்த அளவு ஆடும். ஞானம் அண்ணை கரையில் இருந்த இரண்டு வள்ளக்காரரிடம் போய் ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார். ஆர் ஏறுவது என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு வள்ளங்களைத் திரும்பக் கட்டிவிட்டார்களாம்.

கயிற்று நுனிகளை நானே கட்டினேன். ஒவ்வொன்றையும் கொம்பில் கட்டி, மிச்சத்தை இன்னொரு கொம்பிலும் கட்டினேன். பெல்ட்டில் கொளுக்கி போடவில்லை, கொளுக்கி திறபடும். முடிச்சுத்தான். ஞானம் அண்ணை ஒரு தரம் பார்த்தார். பிறகு மரத்துக்கு நேர்கீழே நிற்காமல் பின்பக்கம் போய் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து அடி வரைக்கும் ஒன்றும் இல்லை. பதினைந்தில் தொடை எரியத் தொடங்கியது. இருபதில் மரத்துக்குக் குறுக்கே போகிற இரண்டு கை மாதிரிக் கம்பி வரும். அதைச் சுற்றி இரண்டாவது கயிற்றை விலக்கவேண்டும், அந்த இடத்தில் பதறாதீர்கள். நான் அங்கே ஐந்து நிமிடம் குந்தியிருந்தேன். கடற்கோட்டை ஒரு பெட்டி மாதிரித் தெரிந்தது. அதற்கு அப்பால் காரைநகர். வடிவான இடம். சுற்றுலா வருகிறவர்கள் இதைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறார்கள். என் கண்ணுக்கு அது தட்டையாக, ஒருவரும் இல்லாத இடமாகத்தான் பட்டது. முகமாலையில் நாங்கள் வெடி எடுத்து முடித்த காணிகூட இவ்வளவு வெறுமையாக இருக்காது.

கீழே தளத்தைப் பார்க்காதே என்று ஞானம் அண்ணை சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். அவள் விழுந்த இடத்தைப் பார்க்காமல் எப்படி வருவது.

34 நிமிடத்தில் உச்சி. விளக்கு கண்ணுக்கு நேரே நின்றது. அதன் மூடியில் மூன்று திருகாணி போடுகிற துளை. இரண்டு துளை வெறும். மூன்றாவது திருகாணி பாதி கழன்றபடி துருப்பிடித்து நின்றது. மூடி ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அவள் விளக்கைத் திறந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். ஞானம் அண்ணை என்னை ஆற்றச் சொன்னதில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்ட முதலே விழுந்துவிட்டாளோ என்று நினைத்தேன். மரத்தைச் சுற்றி விரலால் தடவினேன். விளக்குக்குக் கீழே வயரை மரத்தோடு சேர்த்து, ஒட்டுகிற வெள்ளை ரேப் சுற்றியிருந்தது. அதற்கு அடியில் ஏதோ தடிப்பாக இருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். மஞ்சள். மூன்று முடிச்சு.

"ஞானம் அண்ணை!" என்று கத்தினேன். "உந்த வெள்ளை ரேப் எப்ப சுத்தினது?"

"வெள்ளோட்டத்தண்டு! அவள்தான் சுத்தினவள்! அதுக்குப் பிறகு அதிலை ஒருத்தரும் கைவைக்கேல்லை! ஏன்?"

ரேப்புக்கு அடியில் நூல் என்றால், நூல் ரேப்புக்கு முதல் கட்டியது. வெள்ளோட்டத்தன்றே கட்டிவிட்டாள். நான்கு பேர் கீழே கயிறு பிடித்து நிற்க, இரண்டு கயிற்றில், பாதுகாப்பாகக் கட்டியிருக்கிறாள். துடக்கோடு கட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் ரேப் சுற்றி மூடியும் விட்டாள். பிறகு இருபத்துமூன்று நாள் நான் போன் எடுக்கும்போதெல்லாம், "ஓமம்மா, துடக்குக் கழியட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த உயரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் நூல் அவளைக் கொல்லவில்லை. ஒன்பது மாதப் பாரம் இறங்கினது மாதிரி ஒரு பத்து மூச்சு இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தது அதைவிடப் பாரம்.

நூலை அவிழ்க்கவில்லை. ரேப்பை அழுத்தி ஒட்டிவிட்டேன்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். கீழ்ப்பிடியைச் சற்றுத் திறந்து ஒரு சாண் இறக்கி, பிறகு மேற்பிடியை இறக்கி, பிறகு இரண்டாவது கயிற்று முடிச்சை இறக்கவேண்டும். ஒருபோதும் இரண்டை ஒரே நேரம் திறக்கக்கூடாது. 41 நிமிடம் எடுத்தது. கண்ணீர் வந்தால் நின்று துடையுங்கள். நான் நான்கு தரம் நின்றேன்.

தளத்தில் கால் பட்டதும் ஞானம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் அப்படியே பலகையில் இருந்துவிட்டார்.

"வெள்ளோட்டத்தண்டு இறங்கி வந்து என்ரை காதுக்குள்ளை, 'அங்கிள், அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ' எண்டவள். மேலை ஏறினதைச் சொல்லவேண்டாம் எண்டு கேக்கிறாள் எண்டு நினைச்சன். எங்களுக்குத் துடக்கு, கிடக்கு ஒண்டும் இல்லைத் தங்கச்சி, எனக்கு விளங்கேல்லை."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லப் பயந்தவள்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, மாதவிலக்கோடு, கூடாத நாளில் சாமி அறைக்குள் போய் விளக்கு எடுத்தாள். மின்சாரம் நின்றுவிட்டது, அவளுக்குப் படிக்க வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். நான் ஒன்பது நாள் அவளோடு கதைக்கவில்லை. அடிக்கவில்லை, ஏசவில்லை. சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஒரு விதியை ஒருக்கால் மீறினால் பிறகு மீற ஆளே இருக்காது என்று வேலையில் படித்தேன். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். வெடிக்கும் பிள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது ஊர் இதை அறிந்தால், துடக்கோடு கட்டினபடியால்தான் போனாள் என்று சொல்லும். எனக்கும் அந்த நினைப்பு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போது வந்தது. பண்ணைப் பாலத்தில் வந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்த என் தலையை எங்கே கொண்டுபோய் மோதுவது என்று தெரியாமல், முன் சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சொல்ல உள்ளது. இரண்டு நாளுக்கும் போக்குவரத்து, அறை, சாப்பாடு எல்லாம் நான்காயிரம் ரூபாவுக்குள் அடங்கும். ஞானம் அண்ணையின் படகு இப்போது அங்கே இல்லை, ஆகவே அதைத் தேடிப் போகவேண்டாம். எந்தப் படகானாலும் கயிறுகளை உங்கள் நிறையைவிடக் கூடிய பாரத்தால் முதலில் சோதியுங்கள். கயிற்று நுனியை ஒரு இடத்தில் கட்டியது காணும் என்று நினைக்காதீர்கள், புதுக்கயிறும் ஈரக்கயிறும் வழுகும். சாவி, குறடு எல்லாவற்றையும் நூலால் பெல்ட்டில் கட்டுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறுங்கள். இரண்டாவது கயிறு இல்லாமல் ஏறவே வேண்டாம், எந்த விளக்கும் அவ்வளவு அவசரமில்லை. தனியாக ஏறுவது என்றால் கயிற்றில் தனியாக இருப்பது. தளத்தில் ஒரு ஆள் வந்து சேரும்வரை காலைத் தூக்காதீர்கள். வீட்டில் இருக்கிறவர்கள் போன் எடுத்து அவசரப்படுத்தினால், போனை வைத்துவிடுங்கள். அம்மாவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

குட்டான், விளக்கை மெதுவாகத் திருத்தலாம், ஒன்பது மணிக்கு நான் வந்த பிறகு ஏறு என்று ஞானம் அண்ணை முதல்நாளே உனக்குச் சொல்லியிருக்கிறார். அதை நேற்றுப் போனில்தான் எனக்குச் சொன்னார். கட்டவேண்டிய நூலை நீ எப்போதோ கட்டிவிட்டாய். அன்றைக்கு அங்கே உனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை, ஆறு மணிக்கு நான் எடுத்த போனைத் தவிர. "இப்பவே போய் ஏறுறன்" எண்டு எனக்குச் சொன்ன அந்தச் சொல்லாவது பொய்யாப் போகக்கூடாதெண்டோ, குட்டான், அவர் வரமுதல் ஏறினனீ?